படுத்துப் படித்த வகுப்பு

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அந்த வீட்டம்மா பஸ் கண்டக்டர். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை, ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று, கூட்டத்துக்குள் தோளைக் கொடுத்துப் புகுந்து, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில என்ன கச்சேரியா நடக்குது?" என்று கத்திக் கத்தியே பிழைத்தவள். அப்பேர்ப்பட்டவளைப் பிடித்துக் கட்டிலில் படுக்கப் போட்டு, எழுந்திருக்கக் கூடாது, கத்தக் கூடாது, கோபப்படக் கூடாது என்று சொல்லிவிட்டார் லேடி டாக்டர். முதல் இரண்டும் முடியும் டாக்டர், மூன்றாவதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

வயிற்றில் ஐந்தாம் மாதம். கர்ப்பப்பையின் வாய் தளர்ந்திருந்ததால் தையல் போட்டிருந்தார்கள். ஒன்பதாம் மாதம் தொடங்குகிற வரை படுக்கைதான். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம், அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு.

"இறங்க வேண்டிய ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே இறங்கப் பாக்குதும்மா. நீங்கதான் புடிச்சு வெச்சுக்கணும்" என்று அவளுக்குப் புரிகிற பாஷையிலேயே சொன்னார் டாக்டர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒன்று ஆறாம் மாதத்திலேயே போய்ச் சேர்ந்தது. அதனால் அவளுக்கு அதிகம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பிள்ளை முழு மாதமும் உள்ளே இருந்து பிறக்க வேண்டும். அதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை. அதற்காகச் சும்மா கிடக்கச் சொன்னால் கிடக்கத் தயார்.

ஆனால் பட்ட காலிலேயே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் படுத்த அதே வாரத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் பரவி, பள்ளிக்கூடங்களையெல்லாம் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

மூத்தவளுக்கு எட்டு வயது. எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சோதிக்காமல் விடமாட்டாள். தம்பி பல் தேய்த்தேன் என்று சொன்னால் போதாது, வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பாள். அதனால் வீட்டில் அவள் பெயர் செக்கர். இளையவனுக்கு ஆறு வயது. நாற்காலி இருந்தால் அதன் கையில் உட்காருவான், கதவு இருந்தால் தொங்குவான், படுக்கையில் போட்டால் பாதி உடம்பு வெளியே கிடக்கும். அவன் பெயர் ஃபுட்போர்டு. வயிற்றில் இருப்பதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்று அவன்தான் நச்சரித்தான். "டிக்கெட் எடுக்காம ஏறினது. வித்தவுட்னு வெச்சுக்கோ" என்றாள் அம்மா. அதுவே நிலைத்துவிட்டது.

வீட்டுக்காரர் சீலிங் போடுகிறவர். ஆபீஸ்களுக்கும் கடைகளுக்கும் மேலே கம்பி கட்டி, ஜிப்சம் பலகை பூட்டி, ஓட்டை தெரியாமல் மெழுகிவிட்டு வருவார். நாள் முழுக்க அண்ணாந்தே வேலை பார்த்துப் பார்த்து, கீழே நடப்பது எதுவும் அந்த மனுஷனுக்குக் காதில் ஏறாது என்பது மனைவியின் நெடுநாள் புகார். இப்போது விடியுமுன் எழுந்து சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அந்தச் சமையலில் உப்பு சில நாள் வேலைக்கு வரும், சில நாள் லீவு போடும். எதிர்வீட்டு அக்கா மத்தியானம் எட்டிப் பார்த்துப் பரிமாறிவிட்டுப் போவாள். மிச்ச நேரமெல்லாம் அம்மாவும் பிள்ளைகளும்தான்.

பாடம் போனில் வந்தது. கிளாஸ் டீச்சர் பேசி அனுப்புவார்: இத்தனாம் பக்கம் எடுங்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அம்மா எங்கே உட்காருவது? புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கை கடுத்து, புத்தகம் மூக்கின் மேல் விழுந்தது. செக்கர் தன்பாட்டுக்குப் படித்துக்கொள்வாள். ஃபுட்போர்டு விஷயம் அப்படியில்லை. பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்பே டீச்சர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "எழுத்து தனித்தனியா தெரியுது, சேத்துப் படிக்க வரலைங்க. தலைகீழா நின்னாலும் வரமாட்டேங்குது. வீட்ல கொஞ்சம் கவனிங்க." இப்போது வீடே பள்ளிக்கூடமாகிவிட்டது, பையனோ கட்டிலுக்கடியில் இருந்தான்.

கத்தவும் முடியாது. கத்தினால் வயிறு கல்லாக இறுகியது. கடைசியில் அவள் தலையணைக்கடியிலிருந்து விசிலை எடுத்தாள். விசில் ஊதலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, மெதுவாக ஊதிக்கொள்ளுங்கள் என்றார் அவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் பஸ் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து. செய்கிற சேட்டை எதுவானாலும் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் போகலாம். அம்மா சொல்லுக்கு அடங்காத ஃபுட்போர்டு விசிலுக்கு அடங்கினான். ஓடுகிற வண்டியில் தொங்குகிறவனுக்கு விசில்தானே பயம்.

ஒரு சாயங்காலம் சீலிங்காரர் ஒரு ஜிப்சம் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மூலை உடைந்ததென்று ஆபீஸ்காரர்கள் ஒதுக்கியது. அதற்குக் கரும்பலகைப் பெயிண்டை அடித்துக் காயவைத்தார். மறுநாள் ஏணியைப் போட்டு, கட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கில் திருகாணி போட்டு முடுக்கினார். செக்கர் ஒவ்வொரு திருகாணியையும் எண்ணிக்கொண்டு நின்றாள்.

"இது அம்மா மேல விழாதேப்பா?"

"நான் போட்ட சீலிங் இதுவரைக்கும் எவன் தலையிலயாவது விழுந்துச்சுன்னு யாராவது வந்து சொல்லியிருக்காங்களா?"

"தலையில விழுந்தவன் எப்படிங்க வந்து சொல்லுவான்?" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

அவர் அதைக் காதில் வாங்காமல் சாக்பீஸை எடுத்தார். சாக்பீஸ் தூள் கண்ணில் விழாமல் அவள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, துண்டுக்குள்ளிருந்தே ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவர் அவள் பக்கம் பார்த்தபடி ஏணியில் நின்று, நாள் முழுக்கப் பழகிய கையால் அண்ணாந்து எழுதினார். எழுதி முடித்து இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு பெருமையாக நின்றார். அவள் துண்டை எடுத்தாள்.

"என்னங்க, இது எந்த தேசத்து எழுத்து?"

எல்லாம் தலைகீழாக இருந்தது. நிற்கிறவர் அண்ணாந்தால் மேல் பக்கம் ஒன்று, படுத்திருப்பவள் பார்த்தால் மேல் பக்கம் வேறொன்று என்பது மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடமாகச் சீலிங் போடுகிறார், ஒருவனும் அவர் சீலிங்கைப் படித்ததில்லையே. அவர் அழிக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது ஃபுட்போர்டு கட்டிலில் ஏறினான். காலைத் தலையணையில் போட்டு, தலையை அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தான். மேலே பார்த்தான்.

"அம்... மா. அம்மா. அம்மா... கட்... டில்... கட்டில்!"

"அடப்பாவி! தலைகீழா நின்னாலும் வராதுன்னாங்க. தலைகீழா படுத்தா வருதே!" என்று அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. உடனே செக்கர் ஓடிவந்து வயிற்றில் கை வைத்து, "சிரிக்காதே, சிரிக்காதே, குலுங்குது" என்று அதட்டினாள்.

அடுத்த நாள் ஏணி திரும்பியது. அவளுக்கு முதுகைக் காட்டி நின்று எழுத வேண்டியிருந்தது. "இந்தப் பக்கம் நின்னா உன் மூஞ்சியே தெரியலையே" என்று முனகினார். "மூஞ்சியப் பாக்காம எழுதினாத்தான் எழுத்து நேரா வரும், எழுதுங்க" என்றாள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அன்றைய பாடத்தை எழுதிவைத்துவிட்டுப் போவது அவர் வழக்கமாகிவிட்டது.

அம்மா நடுவில், இடுப்புக்கு ஒரு தலையணை அணை கொடுத்து. செக்கர் சுவர் பக்கம். ஃபுட்போர்டு விளிம்பில், ஒரு கால் தரையைத் தொட. இரண்டு விசில் அடித்தால் வகுப்பு தொடங்கும். சீலிங்காரர் விட்டுப்போன நீளமான அலுமினியப் பட்டையால் அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவாள். பலகையில் எழுத்து உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் அம்மா இருந்தாள், மிரட்ட முடியாத அம்மா. படிக்கத் தெரியவில்லை என்றால் அவள் வயிற்றில் காதை வைத்து வித்தவுட்டைக் கேட்கலாம். வித்தவுட் எப்போதும் சரியாகச் சொல்லிவிடும், கொஞ்சம் கண்டக்டர் குரலில்.

கணக்கும் படுத்தபடிதான்.

"பஸ்ல முப்பது பேர் இருக்காங்க. பன்னெண்டு பேர் இறங்கிட்டாங்க. அஞ்சு பேர் ஏறினாங்க. மிச்சம்?"

"படியில தொங்கறவங்களச் சேத்தா, சேக்காமயா?" என்று ஃபுட்போர்டு கேட்பான். அந்தக் கேள்விக்குப் போக்குவரத்துக் கழகத்திடமே பதில் கிடையாது.

பலகையின் கீழ் ஓரத்தில் சீலிங்காரர் ஒரு நீளக் கோடு இழுத்து, அதில் வாரத்துக்கொரு புள்ளி வைத்திருந்தார். பஸ் போகிற வழி மாதிரி. கடைசியில் ஒரு வட்டம். அதுதான் வித்தவுட் இறங்க வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தாண்டிய ஸ்டாப்புக்குப் பிள்ளைகள் பெயர் சொல்ல, அப்பா எழுதுவார். முட்டை தீர்ந்த ஸ்டாப். பல் விழுந்த ஸ்டாப். அப்பா சமையல் நல்லா இருந்த ஸ்டாப்: இதற்கு மட்டும் அவர் எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாகப் போட்டுக்கொண்டார்.

எல்லா நாளும் சிரிப்பும் கும்மாளமுமாகவா போகும்? ஆம்புலன்ஸ் சத்தம் தெருவில் ஓயாத நாட்கள் இருந்தன. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் அந்தச் சத்தம். முதுகு எரியும். சீலிங்கில் எங்கே விரிசல், எங்கே பல்லி என்று அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒரு நாள் ஃபுட்போர்டு பாடம் வேண்டாம் என்று புத்தகத்தைக் கிழித்தான். அவள் தன்னை மறந்து கத்திவிட்டாள். வயிறு இறுகிக் கல்லாகி, வெகுநேரம் இளகவே இல்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதாள். நான் நல்ல தாயும் இல்லை, நல்ல டீச்சரும் இல்லை, ஒரு கட்டிலில் ஒழுங்காகக் கிடக்கக்கூடத் துப்பில்லாதவள் என்று அவளுக்கு ஆங்காரமாக வந்தது. அந்த வாரத்து ஸ்டாப்புக்கு யாரும் பெயர் சொல்லவில்லை. அது வெறும் புள்ளியாகவே நின்றது.

செக்கர் மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். விளையாடிக்கொண்டே இருப்பாள், திடீரென்று வாசலில் தலை தெரியும். "அம்மா, படுத்திருக்கியா?" குளிக்கப் போனால் சோப்பு நுரையோடு வந்து பார்ப்பாள். "உன் வேலையப் பாரேன்டி, நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று அம்மா சலித்துக்கொள்வாள். பெண் இன்னொரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும்போது யார் அடுத்த வகுப்புக்குப் போவது, யார் அதே வகுப்பில் உட்காருவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையாகப் போனில் முகம் பார்த்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறார்.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவள் பிள்ளை இப்போது பலகையில் என்ன எழுதினாலும் மடமடவென்று படிக்கிறான். வரட்டும் டீச்சர்! அன்று காலை பையனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை போட்டு, தலை சீவி, முகத்துக்குப் பவுடர் அப்பி, எல்லாம் செக்கர் பொறுப்பில் நடந்தது. ஹாலில் மேஜை மேல் தண்ணீர் பாட்டிலுக்குச் சாய்த்துப் போனை வைத்தார்கள். எதிரில் நாற்காலி. பரீட்சை முடிகிற வரை ஹாலுக்கு நீதான் அதிகாரி என்று சொல்லி, விசிலைப் பெண்ணின் கழுத்தில் மாட்டி அனுப்பினாள் அம்மா. கதவு பாதி திறந்திருந்தது. அவளுக்கு ஹாலின் சுவர் மட்டும் தெரிந்தது, காது முழுக்க அங்கேதான்.

"நல்லா இருக்கியாப்பா? தோ, இந்தப் பக்கம் பெருசாத் தெரியுதா? படி பாப்போம்." டீச்சர் குரல் களைத்திருந்தது. பின்னால் பாத்திரம் உருண்டது, ஒரு குழந்தை சிணுங்கியது. அவரும் வீட்டிலிருந்துதான் இதையெல்லாம் பார்க்கிறார், பாவம்.

ஹாலில் சத்தமே இல்லை.

"மொத எழுத்தச் சொல்லு. தெரியும்ல?"

நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது.

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. இத்தனை மாதத்தில் பையனை ஒரு தரம்கூட உட்கார வைத்துப் படிக்கச் சொன்னதில்லை. அவனுக்கு எழுத்து என்றால் மேலே இருப்பது, பெரிதாக இருப்பது, அம்மா பக்கத்தில் இருக்கும்போது தெரிவது. நாற்காலியில் உட்கார வைத்து, நேரே நிறுத்திக் காட்டினால் அவனுக்கு அது பழைய பள்ளிக்கூடப் புத்தகம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது யாருமில்லை, அவளேதான்.

"அம்மா இருக்காங்களாப்பா? கூப்பிடேன்."

"அம்மா... எழுந்திருக்க மாட்டாங்க." குரல் உடைந்தது. பிறகு அழுகை. உதட்டைக் கடித்து அடக்கி, அடங்காமல் மூக்கு வழியாக வருகிற அழுகை.

"அழாதப்பா. பரவால்ல. இன்னொரு வருஷம் டீச்சர்கிட்டயே இருந்துட்டுப் போ, என்ன?"

அந்த அன்புதான் அவளால் தாங்க முடியவில்லை. ஹால் வாசலுக்கு நாலு எட்டுதான் இருக்கும். போய் பையன் தோளில் ஒரு கை வைத்தால் போதும், படித்துவிடுவான். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். இடது கால் தரையில் பட்டது. வலது காலையும் இறக்கினாள்.

நீளமாக ஒரு விசில்.

வாசலில் இரண்டு கையையும் விரித்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு செக்கர் நின்றாள். வாயில் விசில். கன்னமெல்லாம் கண்ணீர்.

"நாலு எட்டுதான்டி கண்ணு. இதோ போயிட்டு வந்துடறேன்."

விசில் வாயிலிருந்து விழுந்தது. "அன்னிக்கும் அப்படித்தான் சொன்னே! அந்தப் பாப்பா போன அன்னிக்கும், வயித்த வலிக்குதுன்னு சொல்லிட்டு, 'இதோ போயிட்டு வந்துடறேன்'னு டூட்டிக்குப் போனே. நான் வாசல்லதான் நின்னேன். வேண்டாம்னு சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லல. படு. அம்மா, படு!"

ஆறு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது என்று அன்று நினைத்திருந்தார்கள். எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததோடு, தான் வாயைத் திறக்காததால்தான் அப்படி ஆயிற்று என்று இரண்டு வருடமாக ஒரு பாரத்தையும் சுமந்துகொண்டு, சோப்பு நுரையோடு ஓடிவந்து ஓடிவந்து பார்த்திருக்கிறது அந்தக் குழந்தை. ஹாலில் ஒரு பிள்ளை, வாசலில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. மூன்று பேருக்கும் சேர்த்து அவளால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் ஒரு காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். மற்றதையும் தூக்கி வைத்தாள். படுத்தாள். பெற்ற பிள்ளை பக்கத்து அறையில் அழ, கேட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பது போல ஒரு கொடுமை வேறு கிடையாது. அதையும் செய்தாள்.

ஆனால் ஹாலில் அழுகை நின்றிருந்தது. ஒரு விசில் என்றால் எதுவானாலும் அப்படியே நிறுத்து. யாருக்காக ஊதியது என்று ஃபுட்போர்டுக்கு என்ன தெரியும்? இத்தனை மாதப் பழக்கம், அழுகையும் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டது. அழுகை நின்றதும் அவனுக்கு யோசனை வந்திருக்க வேண்டும். நாற்காலி நகரும் சத்தம். பாட்டில் உருளும் சத்தம்.

"டேய், எங்கப்பா போனே? எனக்கு உன் மூக்கு மட்டும்தான் தெரியுது" என்றார் டீச்சர்.

"கீழ படுத்திருக்கேன் டீச்சர். போனை மேல புடிச்சிருக்கேன்."

"எதுக்குப்பா?"

"எங்க வீட்ல எழுத்தெல்லாம் மேலதான் இருக்கும்."

டீச்சர் ஏதோ சொல்ல வருமுன் அவன் தொடங்கிவிட்டான். "ம... மழை. மழை வந்... தது. குளம் நிறைந்தது." முதல் வரி தட்டுத் தடுமாறி வந்தது. இரண்டாவது வரி அதைவிடப் பரவாயில்லை. மூன்றாவதிலிருந்து பையன் குரலை உயர்த்தி, அம்மாவின் கண்டக்டர் ராகத்திலேயே போட்டுத் தாக்கினான். குளத்தில் வாத்து நீந்தியது என்பது, அடுத்த ஸ்டாப்பில் வாத்து இறங்குகிறது என்கிற தோரணையில் வந்தது. கட்டிலில் இருந்தவள் உதடு அசைய ஒவ்வொரு சொல்லையும் கூடவே சொன்னாள். பக்கம் முடிந்தது. அங்கே டீச்சர் வீட்டில் குக்கர் இரண்டு தரம் விசில் அடித்தது.

"டபுள் விசில் டீச்சர்," என்றான் ஃபுட்போர்டு. "போலாமா?"

அந்தப் பக்கம் களைத்த குரல் வாய்விட்டுச் சிரித்தது. "போலாம்பா. ரைட், ரைட். அடுத்த கிளாஸுக்கே போலாம். உக்காந்து படிக்கறத அங்க போய்க் கத்துக்கோ."

அவன் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தபோது அக்காவும் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். தேர்வில் ஜெயித்த தன்னை விட்டுவிட்டு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. அம்மாவின் கை வயிற்றின் மேல் இருந்தது. தரையில் கால் வைத்ததற்கு வித்தவுட் என்ன சொல்லப்போகிறதோ என்று அவள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு விலாவுக்குக் கீழே நறுக்கென்று ஒரு உதை. அவள் செக்கரின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

"பாரு. இருக்கு. நீ நிறுத்தினியே, அதான் இருக்கு."

"இனிமே எழுந்திருக்க மாட்டியே?"

"மாட்டேன். அப்புறம், அன்னிக்குப் போனது உன்னால இல்லடி. நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அவ்வளவு திமிர் எனக்கு. இன்னிக்குச் சொன்னே பாரு, அது போதும். விசில் உன்கிட்டயே இருக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாப்புக்குப் பெயர் வைத்தது செக்கர். ஒரு விசில் ஸ்டாப். கூடவே, வெறும் புள்ளியாக நின்றதற்கும் ஒரு பெயர் கொடுத்துவிடலாம் என்றாள்: அம்மா அழுத ஸ்டாப். சீலிங்காரர் இரண்டையும் எழுதினார். எழுதும்போது அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் அவர் இடையிடையே சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது சாக்பீஸ் தூளுக்காக மட்டுமில்லை என்று மனைவிக்குத் தெரியும்.

ஒன்பதாம் மாதம் தொடங்கியது. டாக்டர் தையலைப் பிரித்துவிட்டு, இனி நடங்கள் என்றார். நின்றே பிழைத்தவளுக்கு நிற்க மறந்து போயிருந்தது. ஒரு பக்கம் பெண்ணும் ஒரு பக்கம் பையனும் பிடித்துக்கொள்ள, ஹால் வரை போனாள். மறுநாள் வாசல் வரை. எட்டி நடக்கப் பழகிய பிறகு, இறங்க வேண்டிய ஸ்டாப்பில், பட்டப்பகலில், ஒரு பெண் குழந்தை இறங்கியது. வந்த வேகத்தில் அது போட்ட சத்தத்தைக் கேட்டு, கண்டக்டர் வேலைக்கு ஆள் ரெடி என்றார் டாக்டர். இந்தத் தடவை அவரே சிரித்தார்.

வீட்டுக்கு வந்த அன்று குழந்தையைக் கட்டிலின் நடுவில் போட்டார்கள். காய்ச்சல் தணிந்து, அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று செய்தி வந்திருந்தது. சீலிங்காரர் ஏணியைக் கொண்டுவந்து போட்டு, பலகையைக் கழற்றத் திருப்புளியை எடுத்தார்.

"எதுக்குப்பா கழட்டறே?" என்றான் ஃபுட்போர்டு.

"இனிமே எதுக்குடா? எல்லாரும் எழுந்தாச்சே."

"எல்லாரும் எங்க எழுந்தாங்க?" அவன் கட்டிலைக் காட்டினான். குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு, மல்லாந்து, மேலே கரும்பலகையையே விழித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

சீலிங்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். கோட்டின் முடிவில் அந்த வட்டம் மட்டும் இன்னும் பெயரில்லாமல் இருந்தது. நான்தான் எழுதுவேன் என்று ஃபுட்போர்டு சாக்பீஸோடு ஏணியில் ஏறினான், அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மேல் படிக்குப் போனதும் நின்று குனிந்து பார்த்தான்.

"பாப்பாவுக்குத் தலை எந்தப் பக்கம் இருக்கு?"

அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கையால் காட்டினாள். அவன் பாப்பாவின் தலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, சாக்பீஸை இரண்டு தரம் கீழே போட்டு, அக்கா எடுத்துக் கொடுக்க, எழுதி முடித்தான்.

நின்றவளுக்கு அது தலைகீழாகத்தான் தெரிந்தது. அவள் கட்டிலைச் சுற்றி வந்து, குழந்தை பக்கத்தில் மெல்லச் சாய்ந்து, மல்லாந்து படுத்துக்கொண்டாள். இப்போது எழுத்து நேராக வந்தது. கோணல் மாணலாக, பெரிதாக: பாப்பா வந்தாச்சு. அம்மா எழுந்தாச்சு.

"எழுந்தாச்சுன்னு எழுதியிருக்கேன். நீ என்ன மறுபடியும் படுத்துட்டே?" என்று ஏணி மேலிருந்து கோபித்துக்கொண்டான் ஃபுட்போர்டு.

"படிக்கத்தான்டா" என்றாள் அவள்.